பேர் வெட்டாத பெரட்டு

என் ஆசை அண்ணனுக்கு,

தங்கச்சி பார்வதி எழுதுகிறேன். நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கக் கை வரவில்லை. நீ நலமா என்று யாரிடம் போய்க் கேட்பேன்? இங்கே நாங்களும் நலமாக இல்லை. ஆகவே அந்த இரண்டு வார்த்தையையும் விட்டுவிட்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

அம்மாவை அனுப்பப் போகிறார்கள், அண்ணே. வருகிற திங்கட்கிழமை காலை ரயிலில். கொழும்புப் பக்கத்தில், புத்தி பேதலித்தவர்களை வைத்திருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு. நம் வயோதிபர் இல்லத்திலிருந்து அங்கே போனவர்களில் ஒருத்தராவது திரும்பி வந்து நீ பார்த்திருக்கிறாயா? ஒரு கட்டத்துக்குப் பிறகு நீ அந்த ரயிலில் யாரும் ஏறாமல் பார்த்துக்கொண்டாய். உனக்குப் பிறகு நானும் அதைத்தான் செய்யப் பார்த்தேன். முடியவில்லை.

மற்றவர்களும் வாசிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். அதனால் உனக்குத் தெரிந்த கதையை உனக்கே சொல்ல வேண்டியிருக்கிறது. "தெரிஞ்ச கதைய ஏன்டி இழுக்கிற?" என்று நீ முகத்தைச் சுளிப்பது தெரிகிறது. கொஞ்சம் பொறு. உயிரோடு இருந்தபோதுதான் என்னை ஒரு வாக்கியம் முழுதாகப் பேச விட்டதில்லை. இப்போதாவது கேள்.

அம்மாவுக்கு எப்போது மறதி வந்தது என்று டாக்டர் கேட்டால் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரிவதில்லை. தேயிலைத் தோட்டத்தில் அவள் பேரை வெட்டிய வருஷத்தில் என்று நீ சொல்வாய். வயது போனவர்களை வேலையிலிருந்து நிறுத்துவதற்கு நம் ஆட்கள் சொல்லும் பேச்சு அதுதானே, பேர் வெட்டுறது. வெட்டிய மறுநாளும் அம்மா கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு பெரட்டுக்களத்துக்குப் போய் நின்றாள். விடியற்காலையில் கணக்கப்பிள்ளை ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டு, இன்னார் இன்ன மலைக்கு என்று பிரித்து அனுப்புகிற பெரட்டு. தாவணி போட்ட வயதிலிருந்து அங்கே நின்று "இருக்கேங்க" என்று சொன்னவள். அன்றைக்கு எல்லார் பேரையும் கூப்பிட்டார்கள், அவள் பேரைக் கூப்பிடவில்லை. திரும்பி வந்து, கூடையைக்கூட இறக்காமல் எங்கள் லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு சின்னச் சின்னதாகத் தொடங்கியது. பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போனவள் குடத்தோடு அடுத்த வீட்டுக் காம்பராவுக்குள் போய், "என் அடுப்ப யாரு மாத்தி வச்சது?" என்று சண்டை பிடித்தாள். அப்பா செத்துப் பல வருஷமாகியும் அவருக்கு ரொட்டி சுட்டு எடுத்து வைத்தாள். நான் அப்போது பூனாகலைத் தோட்டத்தில் வாக்கப்பட்டுப் போய், கொழுந்து பறிப்பதும் அடுப்புமாகக் கிடந்தேன். நீதான் பதுளையில் வயோதிபர் இல்லத்தில் அட்டெண்டனாக இருந்தாய். மேட்ரன் அம்மாவின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி அம்மாவை அங்கே கொண்டு வந்து சேர்த்தாய்.

அந்த இல்லம் இருந்த லட்சணத்தை நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "எல்லாம் சொவத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்குதுக, பார்வதி. சோத்துக்கு வாயத் தெறக்குதுக, மூடிக்கிதுக. அம்புட்டுத்தான்." பாதிப் பேருடைய பிள்ளைகள், இரண்டு அரசாங்கமும் ஆட்களைப் பிரித்துக்கொண்ட ஒப்பந்தத்தில் பாஸ்போர்ட் கிடைத்து இந்தியாவுக்குப் போய்விட்டார்கள். பெற்றவர்களுக்கு மட்டும் பதில் வரவில்லை. அந்தப் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தே, எதற்குக் காத்திருக்கிறோம் என்பதை மறந்து போனவர்கள் அவர்கள்.

மாதத்துக்கு ஒரு தரம் டாக்டர் வருவார். சிங்களத்தில் கேட்பார், மேட்ரன் அம்மா தமிழில் சொல்வார். பேர் என்ன? இது எந்த ஊர்? பக்கத்தில் நிற்பது யார்? நாட்டை ஆள்வது யார்? முத்துக்கருப்பன் கங்காணி இருந்தாரே, எத்தனையோ பேரை மேய்த்த உண்மையான கங்காணி, அவர் கடைசிக் கேள்விக்கு, "எந்த நாட்டங்க கேக்குறீங்க? எனக்கு ரெண்டு நாட்டுலயும் பேரு இல்லையே" என்றாராம். அதில் என்ன தப்பு? புத்தி கெட்டவன் சொல்கிற பதிலா அது? ஆனால் முதல் கேள்விக்கே பதில் சொல்லாதவர்களை ரயிலேற்றிவிடுவார்கள். புத்தி தடுமாறியவர்களை வைத்துப் பார்க்க இல்லத்தில் ஆளும் இல்லை, அனுமதியும் இல்லை என்பார்கள்.

அப்புறம்தான் அந்தத் தண்டவாளத் துண்டு வந்தது. தேத்தண்ணிக்கு அடிக்கிற மணி உடைந்து போக, எங்கிருந்தோ ஒரு தண்டவாளத் துண்டைக் கொண்டு வந்து முற்றத்தில் தொங்கவிட்டு நீ தட்டினாய். கிழடுகள் எல்லாரும் ஒரு மாதிரியாகத் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருத்தராக எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, முற்றத்துக்கு வந்து, ஆம்பளைகள் ஒரு பக்கமும் பொம்பளைகள் ஒரு பக்கமுமாக வரிசையில் நின்றுவிட்டார்கள். கையில் தேத்தண்ணி வாளியோடு நீ முழித்திருக்கிறாய். தோட்டத்தில் பெரட்டுக்குத் தட்டுவது அப்படித்தானே! யாரும் தேத்தண்ணிக்கு வரவில்லை. வேலைக்கு வந்திருந்தார்கள்.

வேறு யாராக இருந்தாலும் சிரித்துவிட்டு உள்ளே கூட்டிப் போயிருப்பார்கள். நீ வாளியைக் கீழே வைத்துவிட்டு, ஒரு குச்சியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கணக்கப்பிள்ளை மாதிரி பேர் கூப்பிட்டாய். வாயே திறக்காத செவனம்மா கிழவி "இருக்கேங்க சாமி" என்றாளாம். "அன்னைக்குத் தெறந்த வாய அது இன்னும் மூடல" என்று பிறகு நீயே அலுத்துக்கொண்டாய்.

அன்றிலிருந்து தினமும் பெரட்டு. பதுளைக் கடைவீதியில் முஸ்லிம் நானா ஒருவரின் கடையில், கணக்கப்பிள்ளைமார் போடுகிற மாதிரிப் பழைய கறுப்புக் கோட்டு ஒன்று வாங்கி, அதை மாட்டிக்கொண்டு நின்றாய். பேர் கேட்டாய், கிழமை கேட்டாய், இன்றைக்கு மழை வருமா என்று கேட்டாய். வேலி ஓரத்தில் காடாக வளர்ந்து கிடந்த நாலு தேயிலைச் செடியைக் காட்டி, "அதுதான் இன்னைக்கு மலை" என்று பொம்பளைகளை அனுப்பினாய். அவர்கள் கிள்ளிப் போட்டதை அடுப்படியில் இரகசியமாகக் கொட்டினாய். அந்தக் கொழுந்தில் ஒரு தடவை எனக்கு நீ தேத்தண்ணி போட்டுக் கொடுத்ததும், நான் துப்பியதும் நினைவிருக்கிறதா?

எல்லாவற்றையும்விட, அங்கே இல்லாதவர்கள் பேரையும் கூப்பிட்டாய் பார், அதுதான் உன் மூளை. இந்தியாவுக்குப் போன பிள்ளைகளின் பேரைக் கூப்பிடுவாய். "திருச்சிப் பக்கம் இருக்கானுங்க" என்று பெற்றவர்கள் யோசித்துச் சொல்ல வேண்டும். செத்துப் போனவர்கள் பேரையும் கூப்பிடுவாய். "போய்ச் சேந்துட்டாருங்க" என்று பக்கத்துக் கட்டில்காரர் சொல்ல வேண்டும். "இது பேரு வெட்டாத பெரட்டு" என்று நீ சொன்னபோது முத்துக்கருப்பன் கங்காணி தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டாராம். வாழ்நாள் முழுக்கப் பேர் வெட்டிய மனுஷன்.

என் பேரும் அதில் இருந்தது. "பார்வதி!" என்று நீ கூப்பிட, "பூனாகலையில இருக்காங்க. நாளைக்கு வந்திருவா" என்று அம்மா சொல்வாள். அதைக் கேள்விப்பட்டு நான் கொஞ்சம் முறைத்துக்கொண்டேன். நீதான் அவளுக்கு எப்போதும் செல்லம், நான் யாரோ தூரத்துத் தோட்டத்து ஆள் என்று. சண்டைக்காரி என்று நினைத்தால் நினைத்துக்கொள்.

டாக்டர் வந்து கேட்டபோது அவர்கள் பேர் சொன்னார்கள், ஊர் சொன்னார்கள். ரயில் அவர்கள் இல்லாமலே போய்க்கொண்டிருந்தது. அப்படியே இருந்திருக்கக் கூடாதா?

நீ பண்டாரவளைச் சந்தைக்கு இல்லத்துக்குக் காய்கறி எடுக்கப் போனாய். நெஞ்சு வலிக்கிறது என்று முட்டைக்கோவா மூட்டைமேல் சாய்ந்தவன் எழுந்திருக்கவில்லை. அவ்வளவுதான் கதை. இதற்கு மேல் எழுதினால் நான் அழுது தாள் நனைந்துவிடும். நனைந்ததைத் திருப்பி எழுத எனக்குப் பொறுமை கிடையாது.

உன்னை இல்லத்து முற்றத்தில்தான் கிடத்தினோம். அம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தேன். குனிந்து ரொம்ப நேரம் பார்த்தாள். "பாவம், யாரு பெத்த புள்ளையோ! அவுக ஆத்தாளுக்குத் தகவல் சொல்லியாச்சா?" என்று என்னிடம் கேட்டாள். உன் முகத்தில் சரிந்திருந்த மாலையைச் சரிசெய்துவிட்டு உள்ளே போய்விட்டாள். என் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய அடி இனி விழாது என்று அன்றைக்கு நினைத்தேன். எனக்கு என்ன தெரியும்?

என் வீட்டுக்காரரும் உயிரோடு இல்லை, பிள்ளைகுட்டியும் இல்லை. மேட்ரன் அம்மா உன் வேலையை எனக்கே கொடுத்தார். வந்த மறுநாளே தண்டவாளத்தைத் தட்டினேன். வரிசையில் நின்றார்கள். நான் பேர் கூப்பிடத் தொடங்கியதும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். முத்துக்கருப்பன் கங்காணி கையிலிருந்த தடியைத் தரையில் ஊன்றினார்.

"என்னம்மா இது? பொம்பள பெரட்டு கூப்பிடுறதா? தொரைக்குத் தெரிஞ்சா என்ன ஆவும்?"

"தொரையெல்லாம் போயாச்சு தாத்தா. தோட்டத்த அரசாங்கம் எடுத்து எவ்வளவு காலமாச்சு!"

"எவன் எடுத்தா என்ன? நீ கூப்பிட்டா எவன் மலைக்குப் போவான்?"

வரிசை கலைந்து போயிற்று. செவனம்மா கிழவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அம்மா சிரிக்கவும் இல்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். குரலை மாற்றிக் கூப்பிட்டேன், அதட்டிக் கூப்பிட்டேன், அழுதும் கூப்பிட்டேன். தேத்தண்ணிக்கு மட்டும்தான் வந்தார்கள்.

கடைசியில் உன் பெட்டியைத் திறந்து அந்தக் கறுப்புக் கோட்டை எடுத்தேன். உன் வியர்வை வாடை இருந்தது. அதை மாட்டி, துண்டைத் தலைப்பாகையாகக் கட்டி, குச்சியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு முற்றத்தில் நின்றேன். கண்ணாடியில் பார்த்துவிட்டுத்தான் போனேன். கூத்தில் ராஜா வேஷம் போட ஆள் கிடைக்காமல் சமையல்காரியை நிறுத்தின மாதிரி இருந்தது. ஆனால் கங்காணித் தாத்தா கோட்டைப் பார்த்ததும் விறைப்பாக நின்றார். எல்லாரும் நின்றார்கள். அம்மா சுவரை விட்டுத் திரும்பினாள்.

"அங்கம்மா!"

"இருக்கேங்க."

அம்மா தன் பேரைத் திரும்பக் கண்டுபிடித்தாள், அண்ணே. அடுத்தது என் பேர். கூப்பிட்டேன், "பார்வதி!" என்று.

"பூனாகலையில இருக்காங்க. நாளைக்கு வந்திருவா."

அவள் முன்னால்தான் நின்றேன். கை நீட்டினால் தொடலாம். கோட்டைக் கழற்றிவிட்டு "இதோ வந்துட்டேன்மா" என்று சொல்லிப் பார்த்தேன், ஒன்றுக்குப் பல தடவை. கோட்டு இல்லாமல் போனால் நான் யாரோ சோறு போடுகிற பெண். "உனக்கு எந்தத் தோட்டம் தாயி?" என்று அன்பாகத்தான் கேட்பாள். கோட்டைப் போட்டால் கன்னத்தைத் தடவி, "பெரியவனே, சாப்பிட்டியா?" என்பாள். சின்ன வயதிலிருந்து நான் ஏங்கின தடவல் அது. உன் பேரில்தான் எனக்குக் கிடைத்தது.

சரி, அதுவாவது கிடைத்ததே என்று இருந்தேன். ஒவ்வொரு காலையிலும் அம்மா வாயால் நான் நாளைக்கு வருவதாக இருந்தது. அதைக் கேட்பதற்காகவே எழுந்தேன் என்று சொன்னால் நம்புவாயா?

நீ செய்தது எதுவும் எனக்கு முழுதாகக் கைகூடவில்லை. மழைக்காலத்தில் கங்காணித் தாத்தா போய்ச் சேர்ந்தார். செவனம்மாவின் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, இப்போது உதடு மட்டும் அசைகிறது. வரிசையில் ஆள் குறையக் குறைய, பதில் சொல்ல வேண்டிய பக்கத்துக் கட்டில்காரரும் இல்லாமல் போனார்கள். சில பேர்களை நான் கூப்பிட்டு, நானே "போய்ச் சேந்துட்டாருங்க" என்று சொல்லிக்கொள்கிறேன். பெரட்டு கூப்பிட்டால் மறதி நிற்கும் என்று நீ நம்பினாயா, அல்லது அந்தச் சனங்கள் கொஞ்ச நேரம் தலை நிமிர்ந்து நிற்கட்டும் என்றுதான் செய்தாயா? உன்னிடம் கேட்டு வைத்துக்கொள்ளாமல் போய்விட்டேனே.

போன வாரம் டாக்டர் வந்தார். புது டாக்டர், வயது குறைவு. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், கிழங்களைத் தொட்டுத்தான் பார்த்தார். அம்மாவிடம் பேர் கேட்டார். அம்மா அவர் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி கேட்டார்.

"ஐயா, ஒரு நிமிஷம் பொறுங்க" என்று ஓடிப்போய்க் கோட்டை மாட்டிக்கொண்டு வந்தேன். தலைப்பாகை கட்ட நேரமில்லை. "அங்கம்மா!" என்று கூப்பிட்டேன். அம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, முதுகை நிமிர்த்தி, "இருக்கேங்க" என்றாள். தோட்டத்தைச் சொன்னாள். கிழமையைக்கூடச் சரியாகச் சொன்னாள்! டாக்டர் வியந்து போய் மேட்ரன் அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன், முட்டாள்.

அப்புறம் அவர் என்னைக் காட்டி, "இது யார்?" என்று கேட்டார்.

"எம் மூத்த மவன்" என்றாள் அம்மா. பெருமையாகச் சொன்னாள்.

மேட்ரன் அம்மா அதைச் சிங்களத்தில் சொல்லத் தயங்கினார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு சொன்னார், பொய் சொல்ல அவருக்கு வராது. டாக்டர் என் நீளச் சடையையும் சேலையையும் கோட்டையும் பார்த்தார். தலையைக் குனிந்து எழுதத் தொடங்கினார். பொம்பளையைப் பார்த்து மகன் என்கிறவளுக்குப் புத்தி தெளிவு என்று எந்த டாக்டர்தான் எழுதுவார்? அவளைக் காப்பாற்றிய கோட்டே அவளைப் பிடித்துக் கொடுத்துவிட்டது. உன்மேல் அன்றைக்குக் கோபமாக வந்தது, அண்ணே. என்மேலும் வந்தது. யார்மேல் கோபப்பட்டாலும் ரயில் நிற்காது என்றதும் சும்மா இருந்துவிட்டேன்.

"அங்கே நல்லா பாத்துக்குவாங்க பார்வதி" என்று மேட்ரன் அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டார். அங்கே யார் தமிழில் பேர் கூப்பிடுவார்கள் என்று கேட்டேன். அவர் கையை எடுத்துக்கொண்டார்.

இன்றைக்குக் காலையில் எப்போதும்போலத் தண்டவாளத்தைத் தட்டினேன். அம்மாவோடு இன்னும் சில பேர்தான் வந்து நின்றார்கள். பனி விலகாமல் இருந்தது. அம்மாவுக்குக் கம்பளியைப் போர்த்திவிட்டு, எதிரில் போய் நின்று கூப்பிட்டேன். அவள் பேருக்கு ஒரு மாதிரியாகப் பதில் வந்தது. பிறகு என் பேரைக் கூப்பிட்டேன்.

அம்மா யோசித்தாள். நெற்றியைச் சுருக்கி, கஷ்டப்பட்டு யோசித்தாள். நான் உள்ளுக்குள்ளே அவளுக்கு எடுத்துக் கொடுத்துக்கொண்டே நின்றேன், பூனாகலை என்று சொல்லம்மா, நாளைக்கு வருவாள் என்று சொல்லம்மா என்று.

"அப்படி ஒருத்தியும் இல்லீங்களே" என்றாள். என்னைப் பார்த்து, கணக்கப்பிள்ளைக்குப் புத்தி சொல்கிற மாதிரி, "சும்மா சும்மா கூப்பிட்டுக்கிட்டு இருக்காதீங்க. பேர வெட்டிருங்க" என்றாள்.

வெட்டவில்லை, அண்ணே. அது பேர் வெட்டாத பெரட்டு இல்லையா? "சரி ஆத்தா" என்று சொல்லி அவளை உள்ளே கூட்டிப் போய்த் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். குடித்துவிட்டு என் கன்னத்தைத் தடவினாள். கோட்டு இன்னும் என்மேல்தான் இருந்தது.

திங்கட்கிழமை நானும் அதே ரயிலில் ஏறுகிறேன். வேலையை விடுவதாக மேட்ரன் அம்மாவிடம் சொல்லியாயிற்று. தெமோதரையைத் தாண்டும்போது நம் தோட்டம் ஜன்னலில் தெரியும், அவளுக்குக் காட்டுவேன். தெரியாது என்பாள். அந்த ஆஸ்பத்திரியில் என்னை உள்ளே விடுவார்களோ, கம்பிக்கு வெளியே நிறுத்துவார்களோ, பைத்தியம் என்று என்னையும் சேர்த்துப் பிடித்துப் போடுவார்களோ, தெரியவில்லை. பக்கத்தில் எங்காவது பாத்திரம் கழுவுகிற வேலையாவது கிடைக்காதா?

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நிறைவேறும் என்ற நம்பிக்கையில் இல்லை, வேறு கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை என்பதால். அவள் மூச்சு இருக்கும்வரை, விடிந்ததும் உன் கோட்டை மாட்டிக்கொண்டு எந்தச் சுவருக்கு வெளியே நின்றாவது அவள் பேரைக் கூப்பிடுவேன். இனி அவளுக்கு மகள் இல்லை. மகன் சாகாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் கோட்டுக்குள் நிற்கிற தங்கச்சி,
பார்வதி